ரொட்டிக்குள் போட்ட மருந்து

என் மனைவிக்குச் சதையி பழுதாகிவிட்டது. இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த உறுப்புதான், தின்றதை உடைத்துக் கரைக்கும் நொதியங்களைச் சுரக்கவேண்டும். அது வேலைநிறுத்தம் செய்ததால், ஹட்டன் கிளினிக்கில் நொதியங்களைக் கெப்சூலில் அடைத்துக் கொடுத்தார்கள். சாப்பாட்டோடு விழுங்காவிட்டால் தின்பது உடம்பில் ஒட்டாது.

மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களோடு உட்கார்ந்து ரொட்டி தின்னும்போது மட்டும் விழுங்கமாட்டாள். "பாத்தாளுகன்னா நோயாளின்னு பேர் வச்சுருவாளுக" என்றாள்.

மூளைக்காரனான நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கெப்சூலைப் பிரித்து, குருணையை நுணுக்கி, தேங்காய்ப்பூவோடு மாவில் பிசைந்து, மொறுமொறுவென்று சுட்டுக் கட்டிக்கொடுத்தேன். யோசனை எனக்கே பிடித்துப்போய், இராச் சாப்பாட்டையும் ரொட்டியாக்கினேன்.

அவளோ இளைத்துக்கொண்டே போனாள். கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில், மனதுக்குள் அவளை அடக்கம் செய்து, காரியம் முடித்து, பந்தியில் பருப்பு பத்தவில்லை என்று மச்சானோடு சண்டையும் போட்டுவிட்டேன். அவள் பக்கத்து சீட்டில் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

நர்ஸ் அவளை எடை பார்க்க அழைத்துப் போனதும் டொக்டரம்மா என்னிடம் கேட்டார்.

"கெப்சூல எப்படிங்க குடுக்குறீங்க?"

பெருமையாகச் சொன்னேன்.

"சுட்டா?"

"சுடாம எப்படிங்க, பச்சை மாவையா திங்கிறது?"

அவர் சிரிக்கவில்லை. "நொதியமும் ஒரு புரதம்தாங்க. வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டையாகுமா? கல்லுச் சூட்டுல அது வீணாப்போயிரும். அவங்க வெறும் ரொட்டிதான் தின்னுருக்காங்க. இனி முழுசா முழுங்கச் சொல்லுங்க, உடம்பு தேறும்."

அவளைப் பட்டினி போட்டது நோயில்லை, நான்.

பஸ் ஸ்டாண்டில் அவளிடம் சொன்னேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கசந்துச்சுங்க" என்றாள். "பாதி ரொட்டி தொண்டையில எறங்காது."

"சொல்லக்கூடாதா?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா சுட்டீங்க. எப்படிச் சொல்றது?"

மறுநாள் காலை, மத்தியானத்துக்கென்று ஒரு கெப்சூலைத் தானே வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை முதல் வாயோடு விழுங்கினாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முழுங்கிட்டேங்க. வாயத் தொறந்து காட்டவா?"

காட்டச் சொன்னேன்.