ஹந்தானைச் சரிவில் இரண்டு புள்ளிகள்

கண்டியில் ஒரு கல்லூரியின் பிரதி அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மாணவப் பருவத்தில் மெய்வல்லுநர் ஓட்ட அணிக்குத் தலைமை வகித்தவன். எங்கள் ஊரான குண்டசாலையில் என் சொல்லை எவரும் இடைமறித்ததில்லை. ஹந்தானை மலையில் நடந்த இரவு ஓட்டப் போட்டியில், மூத்தோர் பிரிவில், என் மருமகளின் தந்தையையும் அழைத்துக்கொண்டு நான் இறங்கியது இந்தத் தகுதியோடுதான். சம்பந்தி தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். பெண்ணைக் கொடுத்தவர் என்ற முறையில் எனக்கு மறுபேச்சுப் பேசாதவர்.

வழிகாட்டுவதற்காக மரங்களில் மினுங்கும் பட்டிகளைக் கட்டியிருந்தார்கள். நெற்றி விளக்கின் ஒளி பட்டால் அவை புள்ளியாகச் சுடர்விடும். அடுத்த புள்ளியைக் கண்டு ஓட வேண்டியதுதான். பைன் காட்டைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கி, முன்னே ஓடியவர்களின் வெளிச்சங்களை விழுங்கிவிட்டது. இடப்புறச் சரிவில் இரண்டு புள்ளிகள் அருகருகே தெரிந்தன. வழி இதுதான் என்று அறிவித்துவிட்டு மானாப்புல்லுக்குள் இறங்கினேன். சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "சரிங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். புல் மார்பளவுக்கு உயர்ந்தது. காலடியில் பாதை இல்லை என்பதை உணர்ந்த கணத்தில், அந்தப் புள்ளிகள் இரண்டும் அணைந்து மீண்டும் எரிந்தன. பட்டிகள் இமைப்பதில்லை.

புள்ளிகள் தாழ்ந்து, நெருங்கின. திரும்பி ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தி என் சட்டையைப் பற்றினார். "ஓட்டப் போட்டிதாங்க சம்பந்தி, ஆனா இப்ப ஓடிறாதீங்க. லைட்ட அதும்மேலயே வச்சிக்கிட்டு பின்னுக்கே வாங்க."

பின்னோக்கி நடந்தோம். புல் அசையும் ஓசையும் எங்களோடு கூடவே வந்தது; என் விளக்கோ மங்கிக்கொண்டிருந்தது. பைன் மரமொன்றில் ஒற்றைப் புள்ளி தென்பட்ட பிறகே அந்த ஓசை நின்றது. அவை எதன் கண்கள் என்று இன்றுவரை தெரியாது.

முன்பே ஐயம் இருந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் போற வழிய பிழைன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். அவர் சிரிக்கவில்லை. முறைக்காக அவர் எவ்வளவு தூரம் என் பின்னால் இறங்கியிருப்பார் என்று இன்றும் எண்ணிப்பார்க்கிறேன்.

சம்பந்தி என்னைத் தோளில் சுமந்து வந்தார் என்று குண்டசாலையில் சிலர் கூறிவருகிறார்கள். அது பிழை. முடிவுக் கோடு வரை நான் நடந்தே வந்தேன், அவருக்குப் பின்னால்.