எட்டாம் வகுப்பில் அலறிய ஒலிபெருக்கி

கணக்கு டீச்சர் நின்றுகொண்டேதான் பாடம் நடத்துவாள். பழைய தலைமையாசிரியை யாரிடம் குறை கண்டாலும் தனியே கூப்பிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் சொல்லிவிடுவார். "பின்பெஞ்சுப் பிள்ளைங்களும் உங்க கண்ணுல படணும்ல, நின்னே நடத்துங்களேன்" என்று ஒருமுறை சொன்னார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் டீச்சர் அந்தச் சொல்லைத் தட்டவில்லை.

அவர் இடத்துக்குப் புதிதாக வந்த முதல்வருக்கோ எல்லாமே மைக்தான். தம் அறையில் கேமராத் திரையைப் பார்த்தபடி, வகுப்புகளில் மாட்டிய ஒலிபெருக்கி வழியே அதட்டுவார்.

முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டே பள்ளிக்கு வந்த ஒரு நாள், டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மாணவி ஒருத்தி கரும்பலகையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டாம் வகுப்பு டீச்சர்! சம்பளம் வாங்குறது உக்காந்து தூங்கவா? எந்திரிங்க!"

பள்ளி முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள். கரும்பலகையருகே நின்றவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மணி அடித்ததும் நேரே முதல்வர் அறைக்குப் போனாள்.

"கால் வீங்கியிருக்கு சார். வந்து கேட்டிருந்தா காட்டியிருப்பேன். பிள்ளைங்க முன்னாடி என்னைத் தூங்குறவன்னு சொல்ல உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

"ஒருத்தருக்குச் சொன்னா ஒன்பது பேருக்கு உறைக்கும்மா. விதின்னா விதிதான்." முதல்வர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவேயில்லை.

உறைக்கத்தான் செய்தது, வேறு விதமாக. கேமராக் கண்ணுக்கு எட்டாத மூலை எதுவென்று ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் செல்போனைத் தொட்டறியாதவர்கள்கூட அந்த மூலையில் நின்று பேசினார்கள். நிற்கத்தானே சொன்னார், நிற்கிறோமே என்று சிரித்தார்கள். மணி அடித்த பிறகும் இருந்து சந்தேகம் தீர்த்தவர்கள், மணியோசை அடங்குமுன் வெளியேறினார்கள்.

கணக்கு டீச்சருக்கு அந்த ஒளிவுமறைவு ஒத்துவரவில்லை. மறுநாள் நாற்காலியைக் கேமராவுக்கு நேரே போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பாடம் எடுத்தாள். ஒலிபெருக்கி அலறியது. "கேக்குது சார்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

அந்த வாரமே வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு அவளை நூலகத்தில் போட்டார்கள்.

"ஒரு மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுபோகும்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"யாரு கேக்கணும்? நானா, அவரா?"



ஆண்டிறுதிக் கூட்டத்தில் முதல்வர் மேசையைத் தட்டினார். "இந்த ஸ்கூல்ல ஒருத்தருக்கும் ஒழுங்கே தெரியல!"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் எழுந்தாள். "போன வருஷம் வரைக்கும் தெரிஞ்சுது சார். அப்ப யாரும் எங்களைக் கேமராவுல பாத்துக் கத்தல."

அடுத்த ஆண்டும் அவளுக்கு நூலகம்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட அவளுடைய பழைய பிள்ளைகள் புரியாத கணக்குகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள்.