கப்பலுக்குப் போகும் வழியில் மூன்று வெட்டு

என் வீட்டுக்காரர் பயணிகள் கப்பலில் சமையல்காரர். சென்னையிலிருந்து தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கப்பல். கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை வந்ததும் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. சனங்கள் உட்காரும் பலகைகளைப் பிடுங்கிவிட்டு, சிப்பாய்களுக்கான அரிசி மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் அடுக்கினார்களாம். வெள்ளைக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசினார்களாம். இவருக்குக் கறுப்பு பூட்ஸ் கொடுத்தார்கள். லீவில் வந்திருந்தபோது தந்தி வந்தது: மூன்றாம் நாள் கப்பல் கிளம்புகிறது, வராவிட்டால் வேலை இல்லை.

இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த சமயம் அது. பஸ் இல்லை. கள்ளக்குறிச்சி போனால் லாரியாவது கிடைக்கும் என்று எங்கள் ஊர் கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தோம். பை என் தலையில். வழியில் ஒரு பஸ் எரிந்து வெறும் கூடாக நின்றது. அதைத் தாண்டினால் பாதி வெட்டிய புளியமரம், சுற்றிலும் பெருங்கூட்டம். அந்த வழியாகப் போகிற ஆம்பளை எவனும் மரத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் போகணும் என்று வைத்திருந்தார்கள். தானும் வெட்டியவன் போலீசிடம் காட்டிக்கொடுக்க மாட்டான் அல்லவா?

“யோவ் பூட்ஸு, எங்க போய்க்கினு கீற?”

“கப்பலுக்குங்க.”

“கோமுகி அணையிலயா கப்பல் வுடற?”

எல்லோரும் சிரித்தார்கள். கோடாலியை நீட்டினார்கள். இவர் வாங்கவில்லை.

“முன்னமேன்னா வெட்டியிருப்பேங்க. இப்ப அது சர்க்காரு கப்பலு. கேசுன்னு ஆனா ஏத்த மாட்டாங்க.”

சர்க்காரு என்றதுதான் அவர்கள் காதில் விழுந்தது. முதல் அடியிலேயே பல் தெறித்தது. விழுந்தவரை மிதித்தார்கள். ஒருவன் அவர் வலது கையை மரத்தோடு அழுத்திக் கோடாலியின் பின்பக்கத்தால் அடித்தான். விரல் நொறுங்கியது எனக்குக் கேட்டது.

வேற்று ஆம்பளைகள் முன்னால் நான் தலை நிமிர்ந்து பேசியதே இல்லை. பையைப் போட்டுவிட்டுக் கோடாலியைப் பிடுங்கினேன்.

“அவருக்குப் பதிலா நான் வெட்டறேன், வுடுங்கடா!”

கரும்பு வெட்டிய கை. மூன்று வெட்டு. தெறித்த மரச் சிலாம்பு என் முகத்தில் அடித்தது. நான்காவதை மரத்தில் போட மனசில்லை. அவரை அடித்தவனைப் பார்த்தேன். அவன் பின்னால் நகர்ந்தான்.

“வுடுறா, அந்தப் பொம்பளைக்கு வெறி புடிச்சிக்கீது,” என்றான் ஒருவன். வழி விட்டார்கள்.

முந்தானையைக் கிழித்து அவர் கையில் சுற்றினேன். ரத்தத்தைத் துப்பிக்கொண்டே நடந்தார்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து கார்டு வந்தது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுதியது மாதிரி கோணல் எழுத்து. கூட்டிக் கூட்டிப் படித்தேன். கப்பலைப் பிடித்துவிட்டாராம். லாரியிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டாராம். இடது கையால் சோறு கிளறுகிறாராம். ‘நீ மரம் வெட்டினதை யாரிடமும் சொல்லாதே’ என்று கடைசியில் எழுதியிருந்தார்.

அன்றைக்கே போலீஸ் ஊருக்குள் புகுந்து, மரம் வெட்டினது எவன் என்று கேட்டுக் கேட்டு ஆம்பளைகளை அடித்து இழுத்துப் போனது. அடுத்த வீட்டுக் கதவை உதைக்கும் சத்தம் கேட்டதும் கார்டை அடுப்பில் போட்டேன்.