பேய் பங்களாவின் கடைசிக் காட்சி

என் அம்மா எதற்கும் பயப்படாதவள். கொல்லையில் பாம்பு தென்பட்டால் கம்பை எடுத்துக்கொண்டு அவள்தான் முன்னால் போவாள். அப்பா நாலடி பின்னால் நின்று யோசனை சொல்லுவார். அப்படிப்பட்டவள், மயிலாடுதுறையில் மதியக் காட்சிக்குப் பேய்ப் படம் பார்க்க என்னைக் கூட்டிப் போனால் மட்டும், விளக்கு அணைந்ததும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். பாழடைந்த பங்களாவின் கதவு தானாகத் திறக்கும்போது அவள் நகம் என் உள்ளங்கையில் பதியும். வெளியே வெயிலுக்கு வந்ததும், "ஒண்ணுமேயில்ல, சும்மா மேக்கப்பு" என்பாள். அடுத்த பேய்ப் படம் வந்தால் முதல் வாரமே கிளம்பிவிடுவாள்.

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. வளைந்து ஏறும் மாடிப்படி, யாரும் தொடாமல் ஆடும் நாற்காலி, மொட்டைமாடியில் வெள்ளைப் புடவை. எல்லாம் தெரிந்ததுதான். முடிவும் தெரிந்ததுதான்: பேய் என்று நம்பியது கடைசியில் மனுஷனாக இருக்கும். சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பாவோ, மேனேஜரோ, பொய்முடியைக் கழற்றிவிட்டுக் கைவிலங்கோடு போவான். எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்த இடத்தில் கைதட்டுவதைக் கேட்க வேண்டும். பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடக்காத வீடு எந்த ஊரில் இருக்கிறது? அந்தச் சித்தப்பாவைப் போல ஒருவரை எல்லோருக்கும் நேரில் தெரியும்.

இந்தப் பிரியத்தால் ஒரு பள்ளிக்கூடமே பிழைக்கும் என்று அப்போது தெரியாது.

மயிலாடுதுறையில் ஒரு தனியார் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தேன். கணவர் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு வந்ததும், தரங்கம்பாடிக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில் நர்சரி பள்ளி தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். கிடைத்தது ஒரு பழைய பங்களா. தேக்குத் தூண்கள், பெரிய கூடம், கூடத்தின் இடப்பக்கம் மாடிப்படி. உரிமையாளர்கள் சென்னையில். குத்தகைக்கு உடனே சம்மதித்தார்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பேய்ப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று. ஊரில் அந்த வீட்டுக்குப் பெயரே பேய் பங்களா.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். ஊருக்கு அப்படி இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நான்கு குழந்தைகள் வந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் சமையல்காரம்மாவின் பேத்திகள்.

வீடு வீடாகப் போனேன். டீக்கடை வைத்திருந்த ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"நீங்க நல்லா சொல்லித் தருவீங்க டீச்சர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த வீட்டுல எப்படிங்க புள்ளைய விடறது?"

"அது சினிமாவுக்காக எடுத்ததுங்க. கடைசியில பேயே இல்ல, மனுஷன்தான்னு காட்டியிருப்பாங்களே?"

"கடைசிய யாரு டீச்சர் பாத்தா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. படம் அந்த ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்த அன்று, தங்கள் ஊர் பங்களாவைத் திரையில் பார்க்க எல்லோரும் போயிருக்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு பேய் மொட்டைமாடியில் நடக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துப் புயல் மழை பிடித்துக்கொண்டது. கீற்று பறந்தது, கரண்ட் போனது, ஜனங்கள் அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். மறுநாள் படப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. டவுனில் முழுப் படத்தையும் பார்த்த ஓரிருவர் வந்து சொல்லியிருக்கிறார்கள், யாரும் நம்பவில்லை. கண்ணால் பார்த்தது பேய், காதால் கேட்டது மனுஷன். ஐம்பது வருஷமாக அந்த ஊருக்குப் படம் முடியவே இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார்.

"அப்ப மீதிப் படத்தைப் போட்டுக் காட்டிட வேண்டியதுதான்" என்றார்.

"எங்க?"

"வேற எங்க? அங்கேயேதான்."

படம் இணையத்தில் கிடைத்தது. கல்யாண வீடியோ எடுப்பவரிடம் ப்ரொஜெக்டர் வாங்கினோம். இரண்டு புதுவேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கூடத்துச் சுவரில் கட்டினோம். மழைக்காகக் களத்தில் நெல்லை மூடும் கறுப்புப் படுதாக்களைக் கேட்டு வாங்கி ஜன்னல்களை அடைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, உங்கள் ஊர்ப் படம், முடிவு வரை, என்று வீடு வீடாகச் சொன்னோம்.

இரண்டரைக்கே கூட்டம் வந்துவிட்டது. ஆனால் எல்லாம் கேட்டுக்கு வெளியே. நான் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூப்பிடுகிறேன். ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிகிறார்கள். மணி மூன்று ஆனது. இத்தனை தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்களோ?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். எழுபது வயதை ஒட்டியிருக்கும். அந்த ஊர் நடவு ஆட்களுக்கெல்லாம் தலைமை அவர்தான். வயலில் அவர் குரல் கேட்டால் வரப்பில் நிற்கும் மிராசுதாரும் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்வார் என்பார்கள். கேட்டைத் தள்ளித் திறந்தார்.

"என்னடி வேடிக்கை? உள்ள வந்து உக்காருங்க" என்றார். நேராக உள்ளே போய் முதல் வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவர் பின்னால் நடவுப் பெண்கள், அவர்கள் பின்னால் புருஷன்மார், அதன் பின் ஊர்.

படம் ஓடியது. நான் எத்தனையோ தியேட்டரில் பேய்ப் படம் பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது போல ஒன்றை இனிப் பார்க்க மாட்டேன். திரையில் இடப்பக்கம் மாடிப்படி. கூடத்திலும் அதே இடப்பக்கம் அதே மாடிப்படி. திரையில் படி கிறீச்சிட்டால் அத்தனை தலையும் நிஜப் படியைத் திரும்பிப் பார்க்கும். ஒரு பெண் அலறுவாள், பக்கத்தில் இருப்பவள் அவளை அடித்துவிட்டுச் சிரிப்பாள், சிரித்தவளே அடுத்த நிமிஷம் அலறுவாள். டீக்கடைக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடி, விரல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அம்மாவின் நகம் நினைவுக்கு வந்தது. தனியாக இருந்தால் ஓட வைக்கிற ஒன்று, தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கும்போது இப்படிச் சிரிக்க வைக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

மொட்டைமாடிக் காட்சி வந்தது. கைப்பிடிச்சுவரின் மேலே, ஒரு சாண் அகலத்தில், தலைவிரி கோலமாக வெள்ளைப் புடவை நடந்தது. கீழே பார்க்கவில்லை, தடுமாறவில்லை. டீக்கடைக்காரர் விரல் இடுக்கையும் மூடிக்கொண்டார்.

முதல் வரிசையில் அந்த அம்மாள் எழுந்து நின்றார். அவர் நிழல் திரையில் விழுந்தது.

"அது நான்தான்" என்றார்.

கணவர் படத்தை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையிலிருந்து அவருடைய புருஷன் எழுந்தார், ஒல்லியான கிழவர்.

"என்ன உளர்ற நீ?"

"உளறல. சினிமாக்காரங்க வந்தப்ப அந்த நடிகை செவுத்து மேல ஏற மாட்டேன்னு அழுதுச்சு. நாங்க எதிர் வயல்ல நட்டுக்கிட்டு இருந்தோம். மத்தவங்க கஞ்சிக்கு ஒதுங்குன நேரம், தலையில நாத்துக்கட்ட வச்சுக்கிட்டு நான் மட்டும் வரப்புல போறத பாத்துட்டுக் கூப்புட்டாங்க. முடிய முன்னால விட்டுக்கிட்டு நடன்னாங்க. நடந்தேன். அப்பதான் கல்யாணமாகி ஆறு மாசம். ஒங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்ட விட்டே தொரத்தியிருக்கும். அதான் வாயத் தொறக்கல."

"அன்னிக்குக் கொட்டகையில பயந்துபோய் என் தோளைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியேடி!"

"நல்லா யோசிச்சுப் பாருங்க. யாரு தோள யாரு புடிச்சுக்கிட்டு இருந்தது?"

கூடம் இடிந்து விழுவது போலச் சிரிப்பு. கிழவரும் சிரித்துவிட்டார். நடவுப் பெண் ஒருத்தி, "டீச்சர், திருப்பிப் போடுங்க, திருப்பிப் போடுங்க" என்று கத்தினாள். மூன்று முறை போட்டோம். மூன்றாவது முறை, "அட, அக்கா நடையேதான்! இடது கால எப்படி வக்கிது பாரு!" என்று எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் கூவினார்கள்.

அதற்குப் பிறகு படத்தில் யாருக்கும் பயமே இல்லை. கடைசிக் காட்சியில் பொய்முடியைக் கழற்றி எஸ்டேட் மேனேஜர் முகத்தைக் காட்டியதும் கைதட்டலும் விசிலும். அந்த அம்மாள் மட்டும் கோபமாகத் திரையைக் கைகாட்டினார்.

"நடந்ததெல்லாம் நானு, பேரு வாங்கிக்கிட்டுப் போறது இவனா?"

விளக்கைப் போட்டதும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. படியில் ஏறிப் பார்த்தார்கள், அறை அறையாகப் போனார்கள், கதவைத் திறந்து மூடினார்கள். மொட்டைமாடிக்குப் போய் அந்தக் கைப்பிடிச்சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள், இறங்கி வந்து அந்த அம்மாளை இன்னொரு முறை பார்த்தார்கள். ஐம்பது வருஷமாக எட்டி நின்று பார்த்த வீடு அது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வாசலில் சைக்கிளும் ஆட்டோவும் நின்றன. டீக்கடைக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார். "பேய் நடந்த மாடியக் காட்டுனாத்தான் பள்ளிக்கூடம் வருவேங்கிறா டீச்சர்" என்றார். அந்த வாரம் முடிவதற்குள் கூடத்துப் பாய் போதவில்லை. தீபாவளிக்குள் மாடி அறைகளையும் திறந்தோம்.

முதல் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அதிகாரி யாரையாவது அழைக்கலாம் என்றார் கணவர். நான் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். நடவு முடிந்து வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நானா? மேடையில என்ன பேசறது?"

"ஒண்ணும் பேச வேண்டாம். வந்து உக்காருங்க, போதும்."

அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே திரைப்படக் கலைஞர் என்று அச்சடித்தோம். கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு புருஷனைப் பார்த்தார். அவர் அழைப்பிதழ்க் கட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"குடுங்க டீச்சர். இத நான்தான் குடுக்கணும்" என்று சைக்கிளை எடுத்தார். எங்கள் ஊரில் மட்டும் இல்லை, பக்கத்து மூன்று ஊரிலும் வாசல் வாசலாக நின்று, "எம் பொண்டாட்டி" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

விழா அன்று நாற்காலி போதவில்லை. அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையில் அவர் மேடையேறியபோது, இடமில்லாமல் மாடிப்படி முழுக்க ஏறி உட்கார்ந்திருந்த நடவுப் பெண்கள் போட்ட குலவையில், நான் எழுதி வைத்திருந்த வரவேற்புரை யார் காதிலும் விழவில்லை.