கையோடு வந்த பெயர்

போன வாரம் கல்லறைத் திருநாள். எங்கள் மலையகத்துப் பூண்டுலோயாவில் காலையிலிருந்தே தூறல். அப்பாவின் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கல்லறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள் மரியதாசும் அவர் மனைவி செசீலியாவும்.

மரியதாஸ் த்ரீவீல் ஓட்டுபவர். ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே கேட், கிரில் எல்லாம் செய்து கொடுப்பார். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அவர்களுடைய ஒரே மகள் ஸ்டெல்லா, போன வருடம் டெங்குவில் போய்விட்டாள். மரச்சிலுவை எங்கள் மழைக்கு எத்தனை நாள் தாங்கும்? அதனால் துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வாங்கினார். தானே வெல்டிங் செய்து, வெள்ளை எனாமல் அடித்து, கறுப்பில் மகளின் பெயரையும் தன் கையாலேயே எழுதி நட்டார்.

சிலுவையில் இப்போது பாசி. செசீலியா ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். பெயின்ட் தோல் தோலாக உரிந்து வந்துவிட்டது – எழுத்தோடு.

"ஏங்க... புள்ள பேரு கையோட வந்துருச்சுங்க!"

புல்லைப் போட்டுவிட்டு நான் அவர்கள் பக்கம் போனேன்.

மரியதாசுக்கு வேலை தெரியாமல் இல்லை. சாதாரண இரும்பென்றால், துருவைச் சுரண்டி, அடிப்பூச்சாக ரெட் ஆக்சைட் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் டின்னையே திறக்கமாட்டார். இதுவோ பளபளவென்று புதுப் பைப்.

"துருவே இல்லியே, எதுக்கு பிரைமருன்னு நெனச்சிட்டேன் சார்" என்றார்.

அதுதான் தப்பு. அந்தத் துத்தநாகப் பூச்சில் வெறும் எனாமல் நிற்காது. எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சாண்ட் பேப்பர் தேய்த்து, ஜி.ஐ.க்கென்றே விற்கிற பிரைமரை அடித்த பிறகுதான் பெயின்ட். வீட்டில் கேட் செய்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுதலையும் நாம் இப்படித்தான் அடித்துத் தொலைக்கிறோம், இல்லையா? அடக்கத்தன்று ஆளாளுக்கு "கடவுள் சித்தம்" என்று ஒரு கோட் அடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டோம்...

"மேல இன்னொரு கோட் அடிங்க, ஃபாதர் வர்றதுக்குள்ள காஞ்சிரும்" என்றார் கல்லறைக்கு வந்திருந்த ஒருவர். எனக்கு வந்த கோபத்தைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். மரியதாஸ் கீழே விழுந்த பெயின்ட் தோல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் கல்லறைகளை மந்திரிக்க ஃபாதர் வந்தார். பெயரில்லாத சிலுவைக்குத்தான் தீர்த்தம் தெளித்தார். "ஸ்டெல்லா, ஃபாதர்... ஸ்டெல்லா" என்று செசீலியா சொல்லிக்கொண்டே நின்றார்.

மறுநாள் ஹட்டனில் அந்தப் பிரைமரை வாங்கிக்கொண்டு மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். பெயர் எழுத, போர்டு எழுதுகிறவரைக் கூப்பிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"நானே எழுதுறேன் சார். ஆனா இந்தவாட்டி ஒட்டிரணும். இன்னொருவாட்டி அந்தப் பேர எழுத என்னால முடியாதுங்க."