அப்பாவின் மடிக்கணினி பெயர் கேட்டது

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மேல் தட்டில் குழந்தை இயேசு, நடுத் தட்டில் அப்பாவின் மடிக்கணினி. நான் பிறப்பதற்கு முன்பே அது வந்துவிட்டது. திரையோடு ஒட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட அப்பா உரிக்கவில்லை. பூச்சி அண்டக்கூடாது என்று நான்கு மூலையிலும் அந்துருண்டை வைப்பார். வாராவாரம் துடைப்பார். ஆனால் ஒருநாளும் அதை இயக்கியதில்லை. இது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்பாவின் பெயர் ரெனெரியோ. சந்தைக்கு எதிரே ஜீப்னி என்ற பயணி வண்டிகள் நிற்கும் இடத்தில் ஆள் கூப்பிட்டு ஏற்றுவது அவர் வேலை. "இன்னும் ரெண்டே பேரு, காத்தாடப் போலாம்!" என்பார். உள்ளே ஏற்கெனவே ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குரலுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. கணினி என்று யாராவது சொன்னால் மட்டும் அது தொண்டைக்குள் போய்விடும்.

கல்யாணத்துக்கு முன் அவர் இலோய்லோ நகரில் கணினி வகுப்பில் சேர்ந்தார். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா எலிசியோ அதைக் கேட்டுப் பூரித்துப்போய், ஒரு பெட்டியில் சோப்புக்கும் டின் மாட்டுக்கறிக்கும் நடுவில் வைத்து இந்த மடிக்கணினியை அனுப்பினார். அது வந்து சேர்வதற்குள் அப்பா வகுப்பை விட்டுவிட்டார். முதல் நாள் கணினி முன் உட்கார்ந்தபோது பயத்தில் அவர் வாய் தானாகவே "தாபி தாபி" என்று முணுமுணுத்திருக்கிறது. புற்றைத் தாண்டும்போது மண்ணுக்கடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் வழி கேட்டு நாங்கள் சொல்லும் வார்த்தை அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

"படிச்சு முடிச்சுட்டியாடா?" என்று பெரியப்பா தொலைபேசியில் கேட்டபோது, "முடிச்சுட்டேன், மனோங்" என்று சொல்லிவிட்டார். அண்ணனை நாங்கள் மனோங் என்போம். "முடிச்சுட்டேன்" என்ற அந்த ஒரு வார்த்தையைப் பெரியப்பா கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார். ஊரிலும் சொன்னார். ஜீப்னி ஓட்டுநர்கள் அப்பாவைக் "கம்ப்யூட்டர் துரை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்த வருடத் திருவிழாவுக்குப் பெரியப்பா கப்பல் வேலையை விட்டே வந்துவிட்டார். திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை அலமாரி முன் நின்றவர், "நாளைக்கு ஒரு பையன் வரான். செத்த கம்ப்யூட்டருக்கெல்லாம் உயிர் குடுக்கறவன். எல்லாரும் இருக்கறப்ப இதப் போட்டுக் காட்டணும்டா" என்றார். அப்பா தலையாட்டினார்.

மறுநாள் காலை அரிசி எடுக்கப் போன அம்மாவின் கையில் மடிக்கணினியின் மின்கம்பி தட்டுப்பட்டது.

"ஏங்க, இதையும் சோத்தோட சேத்து வேகவைக்கணுமா?"

"மெதுவாப் பேசு. அது தொலஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அப்பா, சொல்லிடுங்களேன்" என்றேன்.

"திருவிழா முடியட்டும்மா. இத்தன பேரு முன்னாடி வேணாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கம்பியை மறுபடி அரிசிக்குள் புதைத்தாள்.

மதியம் துவரையும் பன்றிக்கறியும் பலாக்காயும் போட்ட குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்க விருந்தாளிகள். ஜோஜித் என்ற அந்த இளைஞர் வந்தார். கம்பி தொலைந்துவிட்டது என்று அப்பா சொன்னதும், "பரவால்ல அங்கிள், எல்லா மாடலுக்கும் எங்கிட்ட இருக்கு" என்று பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அப்பா சிரிக்க முயன்றார்.

ஜோஜித் அடிப்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே சின்ன பேட்டரி ஒன்று கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் காயவைத்தார். பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"விடுங்க மனோங், அதுக்கும் வயசாயிடுச்சு. குழம்பு ஆறுது" என்றார் அப்பா. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இருங்க அங்கிள். ஹார்ட் டிஸ்க்குள்ள இருக்கற தட்டு ஒட்டிக்கிட்டிருக்கும். ரொம்ப நாள் சுத்தலேன்னா இப்படித்தான்." ஜோஜித் அந்தச் சின்ன இரும்புப் பெட்டியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பினார். மறுபடி மாட்டி அழுத்தினார். கீச்சென்று ஒரு சத்தம். பிறகு உள்ளே ஏதோ சுழலும் ஓசை. திரை வெளிச்சமானது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள் என்று கேட்டது.

"இது மொதமொதல்ல போடறப்ப கேக்கறதாச்சே!" என்றார் ஜோஜித், புதையல் கண்டவர் போல. "அப்ப இத யாருமே..." அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பேட்டரி செத்ததுல எல்லாத்தையும் மறந்திருக்கும். அப்படித்தானே?" என்றார் பெரியப்பா.

ஜோஜித் திருப்புளியைத் துடைத்தார். "இருக்கலாம் அங்கிள்."

அப்பா தப்பித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப உக்காருடா ரெனே. பேரப் போட்டு உள்ள போ. எந்தம்பி தட்டறத எல்லாரும் பாக்கட்டும்!"

அப்பா உட்கார்ந்தார். அவர் உதடுகள் அசைந்தன. "தாபி தாபி." பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் ஒற்றை விரலை நீட்டி முதல் எழுத்தைத் தேடினார். கண்டுபிடித்து அழுத்தினார். இரண்டாவதும் கிடைத்தது. மூன்றாவது எழுத்து கிடைக்கவில்லை. விரல் மேல்வரிசையில் போய்த் திரும்பியது, நடுவரிசையில் போய்த் திரும்பியது. அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் இன்னும் கேவலமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது, மனோங். நான் படிச்சு முடிக்கல. இத ஒருநாளும் போட்டதில்ல."

"எத்தன கப்பல்ல சொல்லிருப்பேன் தெரியுமாடா" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரல் அப்படி இல்லை. கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டுகளின் சத்தம் கேட்டது. யாரும் அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும். பெயரில் இரண்டு எழுத்தோடு திரை காத்துக்கொண்டிருந்தது. அதை அணைப்பது எப்படி என்றுகூட அவருக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

பெரியப்பா கொல்லையில் கை கழுவிவிட்டு வந்தார். அப்பாவின் பின்னால் வந்து நின்றார்.

"அந்த பிளாஸ்டிக்கையாவது உரிடா. கண்ணு கூசுது."

அப்பா நகத்தால் மூலையைக் கிளப்பினார். தாள் முழுதாக வரவில்லை. இத்தனை வருட அந்துருண்டை நெடியில் திரையோடு பிசினாக ஒட்டிப்போயிருந்தது. துண்டு துண்டாகக் கிழிந்து அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டது. நிமிராமல் உரித்துக்கொண்டே இருந்தார்.

பெரியப்பா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தப்பக்க மூலையைச் சுரண்ட ஆரம்பித்தார். அப்போதும் அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.