பட்டியலில் இல்லாத சின்னம்மா

இருபது வருட இடைவெளிக்குப் பிறகு, நாற்பத்தாறாவது வயதில் ஒரு டீ குடித்தேன். அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கடையில், ஒரு கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு நின்றபடியே குடித்தேன். பக்கத்தில் என் கணவர் இரண்டாவது டம்ளரில் இருந்தார். கொடைக்கானல் குளிரை வெந்நீரையும் பாலையும் வைத்தே இத்தனை காலம் சமாளித்தவர். எங்கள் சபையில் டீயும் கூடாது, காபியும் கூடாது. விதியை மீறிய அன்று வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஊரில் அந்தச் சபைக்காரர்களை மார்மன் என்பார்கள். அமெரிக்காவில் தொடங்கியது. கல்யாணமான புதிதில் நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தபோது, வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு வெளிநாட்டுப் பையன்கள் பக்கத்து வீட்டுக்கு வந்து போனார்கள். அவ்வளவு வெயிலில் அவ்வளவு சிரித்த முகத்தோடு யாரையும் நான் பார்த்ததில்லை. மோர் கொடுத்தேன். ஆறு மாதத்தில் நானும் கணவரும் ஞானஸ்நானம் வாங்கிவிட்டோம். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவரின் மகள் நான். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அம்மாதான் ஒரு வருடம் பேசாமல் இருந்தாள்.

அங்கே எனக்குக் கொடுத்த வேலை ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பதினான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சபையின் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். சும்மா சொல்லவில்லை, நடித்தே காட்டுவேன். சபையை நிறுவியவருக்குப் பூமிக்கடியிலிருந்து தங்கத் தகடுகள் கிடைத்தன, அவற்றைப் பார்த்துத்தான் வேதத்தை மொழிபெயர்த்தார் என்பது பாடம். பாடப் புத்தகத்தில் அவர் மேசையில் உட்கார்ந்து தகட்டின் மேல் விரலை ஓட்டுவதுபோலப் படம் இருக்கும். நான் ஸ்வீட் டப்பாவின் தங்க நிற அட்டையை வெட்டித் தகடு செய்து பிள்ளைகள் கையில் கொடுப்பேன். நிறுவனரின் மனைவி நல்ல பொறுமைசாலி என்றும் சொல்வேன். மனைவி என்று ஒருமையில்தான் சொல்வேன்.

பிறகு கணவருக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்து அட்டுவம்பட்டிக்கு வந்தோம். மலைமேல் எங்கள் சபை இல்லை. கொரோனாவுக்குப் பிறகு செல்போனிலேயே வகுப்பு எடுத்தேன். கேமராவுக்கு முன்னால் அட்டைத் தகட்டைத் தூக்கிக் காட்டுவேன். சிக்னல் போய்விட்டால் தகட்டோடு உறைந்துபோய் நிற்பேன். பிள்ளைகள் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒருநாள் பாடம் தயாரிக்கும்போது சபையின் இணையதளத்திலேயே ஒரு நீளமான கட்டுரை கண்ணில் பட்டது. எதிரிகள் எழுதியிருந்தால் மூடிவிட்டுப் போயிருப்பேன். இது சபையே எழுதியது. நிறுவனருக்கு ஒரு மனைவி இல்லை, பல மனைவிகள். வேறு ஒருவரின் மனைவியாக இருந்தவர்களும் அதில் உண்டு. ஒருத்திக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. இன்னொரு கட்டுரையில் மொழிபெயர்த்த கதை இருந்தது. ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினார்களாம். தகடு பெரும்பாலும் துணியால் மூடிக் கிடந்ததாம். அப்படியென்றால் நான் எத்தனை ஸ்வீட் டப்பாவை வெட்டியிருப்பேன்!

எனக்குக் கோபம் வந்தால் சமையலறையில் பாத்திரம் கழுவுவேன். அன்றைக்குக் கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். கோயம்புத்தூர் சபைத் தலைவருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், எங்கள் கஷ்டத்துக்கெல்லாம் ஓடி வந்தவர்.

"சிஸ்டர், கைக்குழந்தைக்கு முதல்ல பாலத்தான குடுப்போம். கறிச்சோறு அப்புறம்தான?" என்றார்.

"பிரதர், பதினாலு வருஷமா பாலே குடிச்சிட்டு இருந்திருக்கேன். எனக்குப் பல்லு மொளைச்சு இப்ப ஒண்ணு ரெண்டு ஆடவும் ஆரம்பிச்சிருச்சு," என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் போனை வைத்ததும் அழுகை வந்தது. அந்த மனிதருக்குப் பல மனைவிகள் இருந்தார்கள் என்பதைக்கூட என்னால் எப்படியாவது விழுங்கியிருக்க முடியும். தெரிந்தவர்கள் தெரிந்துகொண்டே என்னைப் பேசவிட்டார்களே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சுதான். தோசை ஊற்றும்போதும் அதே, துணி மடிக்கும்போதும் அதே. "கட்டிக்கிட்ட பொம்பளைங்க பேர ஒளிச்சு வச்சிட்டு வரலாறுன்னு ஒண்ணு எழுதுவாங்களாங்க?" என்று ஒருநாள் காலையில் கேட்டேன். கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஒங்க அப்பாவுக்கு நீ எத்தனை பொண்டாட்டின்னு எழுதின?" என்றார்.

அதிகம் பேசாத மனிதர்களோடு குடித்தனம் நடத்துவதில் இது ஒரு தொல்லை. மாதத்துக்கு ஒன்று பேசினாலும் சரியான இடத்தில் பேசிவிடுவார்கள்.

எங்கள் சபையில் வம்ச வரலாறு எழுதுவது பெரிய கடமை. செத்துப்போன சொந்தக்காரர்களின் பெயர்களை இணையத்தில் ஏற்றினால், கடல் கடந்த ஏதோ ஒரு சபைக் கோயிலில் அவர்களுக்காக வேறு யாராவது முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பார்கள். அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து அவர் பெயரை ஏற்றினேன். வாழ்நாள் முழுவதும் நெற்றியில் பட்டையோடு இருந்த மனிதரின் பெயரில் முகம் தெரியாத யாரோ முங்கி எழுந்தார்கள். அதில் மனைவி என்ற இடத்தில் அம்மாவின் பெயர். பிள்ளைகள் என்ற இடத்தில் நானும் அண்ணனும். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வடகவுஞ்சியில் இன்னொரு குடும்பம் இருந்தது. பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைத் தார் வாங்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், தார் வாங்கிய தோட்டத்திலேயே ஒரு பெண்ணையும் கட்டிக்கொண்டார். அங்கே ஒரு மகள் பிறந்தாள், என்னைவிட ஒன்பது வயது சின்னவள். எங்கள் வீட்டில் யார் வந்து கேட்டாலும், "அப்பா தார் எடுக்கப் போயிருக்காரு" என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். வாழைத்தார் வராத மாதங்களிலும் அப்பா தார் எடுக்கப் போனார். தெருவுக்கே தெரியும். அப்பா செத்த அன்று சின்னம்மாவும் மகளும் தெருமுனையில் நின்றே பார்த்துவிட்டுப் போனார்கள்.

சபையின் சுவர்ப் படங்களில் குடும்பம் என்றால் ஒரு புருஷன், ஒரு மனைவி, தலை வாரிய பிள்ளைகள். அந்தப் படத்துக்குள் சின்னம்மாவை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். தெரியாமல் என்று எழுதுவதே பொய். வெட்கப்பட்டு விட்டேன்.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. கொடைக்கானலுக்கு வந்தபிறகு தங்கச்சியை நானே தேடிப் போனேன். அப்போது எங்கள் அம்மாவும் இல்லை. அவள் என்னோடு ஒட்டிக்கொண்டாள். மூட்டை நிறையச் சௌசௌவும் பட்டர் ஃப்ரூட்டுமாக பஸ்ஸில் வந்து இறங்குவாள். முதல்முறை வந்தபோதே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த வம்சப் படத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். நம் குடும்பத்துப் பெயர்களெல்லாம் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன என்று பெருமையாகச் சொன்னேன்.

"எங்கம்மா பேரும் இருக்காக்கா?"

அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எனக்கு அது தெரியும். "இருக்கே" என்று ஏதோ ஒரு பெயரைக் காட்டினேன். அது என் அம்மாவின் அத்தை பெயர். அவள் அந்தக் கண்ணாடியை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சின்னம்மா அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் இருந்தார். அப்பாவின் பெயரோடு சேர்ந்து அவர் பெயர் ரேஷன் கார்டிலும் கிடையாது, வேறெந்தக் காகிதத்திலும் கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் பார்க்க வந்தவர்களிடம், "அவுக மூத்த மக என் பேர அமெரிக்காவுல ஏத்திருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். தங்கச்சி இதைச் சொன்னபோது நான் அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனேன்.

கணவர் அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள் வடகவுஞ்சிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லாமல் திரும்பிவிட நூறு காரணம் கிடைத்தது. செத்தவர் செத்துவிட்டார், இவள் நிம்மதியாக இருக்கிறாள், கெடுப்பானேன் என்றெல்லாம் தோன்றியது. சபைத் தலைவரும் என்னைப் பற்றி இப்படித்தான் நினைத்திருப்பார் என்று தோன்றியதும் இறங்கித் திரும்பாமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி வாசலில் பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா வெள்ளனே வந்துட்டீங்க, என்ன சோலி?" என்று எழுந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவள் அம்மாவின் பெயர் அதில் இல்லை. அன்றைக்குக் காட்டியது வேறு பெயர். அவர் பெயரை நான் ஒருநாளும் ஏற்றவேயில்லை.

அவள் பீன்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உன் மனசு கஷ்டப்படக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னேன் என்ற வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். கறிச்சோறு, பால் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"எங்கம்மா அதச் சொல்லிச் சொல்லியே செத்துச்சு," என்றாள். பிறகு, "நீ போ," என்றாள். அதுவரை ஒருநாளும் என்னை நீ என்று சொன்னதில்லை.

இரண்டு மாதம் சௌசௌ வரவில்லை. போன் எடுக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் சபையிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அது சுலபமாக இருந்தது. கோயம்புத்தூர் தலைவர் வருத்தப்பட்டார், நல்லா இருங்க சிஸ்டர் என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் சட்டென்று நீளமாகிவிட்டன. நானும் கணவரும் நடக்கப் போனோம், டீ குடித்தோம், மத்தியானம் தூங்கினோம். கடவுளிடம் பேசுவதை நான் நிறுத்தவில்லை. பாடப் புத்தகம் இல்லாமல் பேசினேன். மனதுக்குள் ஒரு ஜன்னலைத் திறந்ததுபோல இருந்தது. தங்கச்சி நினைப்பு ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு காலை அவள் வந்தாள். வெறுங்கையோடு வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இப்ப ஏத்து," என்றாள்.

"நாங்க அந்தச் சபையவே விட்டு வந்துட்டோம்த்தா," என்றேன்.

"நீ விட்டா என்ன? அப்பா பேரு இன்னும் அங்கனதான கெடக்கு? வெரசா ஏத்து, எனக்கு பஸ்ஸு இருக்கு."

விலகிப் போனவள் சபையின் வம்சப் பதிவுக்குள் மறுபடி நுழைந்தேன். பாஸ்வேர்ட் மறந்துபோய், புதிதாக ஒன்று வாங்க அரைமணி நேரம் ஆனது. சபையை விட்டுப் போனவர்களுக்கும் அங்கே கதவு திறந்துதான் இருந்தது. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்பாவின் பெயரைத் திறந்தேன். "ரெண்டு பொண்டாட்டி போட அதுல எடம் இருக்கா?" என்று என் கணவரைப் பார்த்துத் தங்கச்சி கேட்டாள். "வேண்டிய மட்டும் இருக்கும். ஆரம்பிச்சு வச்சவரே அப்படிப்பட்ட ஆளு," என்றார் அவர். அந்த மாதத்துக்கான பேச்சு அதோடு முடிந்தது.

சின்னம்மாவின் பெயரைத் தங்கச்சி சொல்லச் சொல்ல அடித்தேன். பிறந்த ஊர் வடகவுஞ்சி. கல்யாண தேதி கேட்டது. "தேதி தெரியாது. தோட்டத்து மாரியம்மன் கோயில்ல மஞ்சக்கயிறு கட்டுனாரு," என்றாள். கோயிலை மட்டும் எழுதினேன். பிள்ளை என்ற இடத்தில் அவள் பெயர். சேமித்துவிட்டு, "ஏறிருச்சுத்தா," என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. பையிலிருந்து செல்போனை எடுத்து, மதுரையில் நர்ஸிங் படிக்கும் மகளுக்கு வீடியோ கால் போட்டாள். போனைத் திரைக்கு நேராகப் பிடித்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு நீ வாசி. பெரியம்மா வாசிச்சா போதாது," என்றாள்.

சுருக்கென்றது. ஆனால் அதுதான் சரி. பதினான்கு வருடம் நான் செய்யாத சரிபார்ப்பை அவள் ஒரு நிமிடத்தில் செய்துவிட்டாள்.

போனில் படம் மங்கலாகத் தெரிந்ததால் மகள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். தாத்தா பெயர். அதற்குக் கீழே என் அம்மாவின் பெயர். அதற்கும் கீழே அவளுடைய அம்மாச்சியின் பெயர்.

"பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"ஸ்பௌஸ்னு போட்டிருக்கும்மா. சம்சாரம்னு அர்த்தம்."

"மூத்த சம்சாரத்துக்கு?"

"அதேதான். ரெண்டு பேருக்கும் ஸ்பௌஸ்தான்."

"மொதலு, ரெண்டாவதுன்னு ஒண்ணும் இல்லையா? நல்லாப் பாரு."

"இல்லம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு."

தங்கச்சி போனைக் கீழே வைத்தாள். அதில் மகள், அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.